பீமன் அமர்ந்த பாறைகளிலிருந்து

போபால், பங்குனி மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

போபால் நகரத்திலிருந்து தெற்கே நர்மதையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 45 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, ஒபைதுல்லாகஞ்ச் என்னும் சிற்றூரைத் தாண்டிக் கிளைச்சாலையில் திரும்பி, தேக்கும் இலுப்பையும் இலையுதிர்த்து நிற்கும் ஒரு விந்தியக் குன்றின் மேல் ஏறினால், கோட்டை மதில்கள் இடிந்து கிடப்பனபோல் தோன்றும் பிரும்மாண்டமான பாறைகள் வரிசையாக எதிர்ப்படுகின்றன. இவையே பீம்பேட்கா. வனவாசத்தின்போது பீமசேனன் இங்கே அமர்ந்து இளைப்பாறினான் என்பது ஊரார் வழங்கும் கதை. பாண்டவர்கள் பாரத தேசத்தில் உட்காராத பாறையும் ஒளியாத குகையும் உண்டோ என்ற சந்தேகம் எனக்கு நெடுநாளாக உண்டு. இங்கே வந்த பிறகு அது இன்னும் பலப்பட்டுவிட்டது.

பூகோள சாஸ்திரப்படி இது பாலைவனம் அன்று. ஆயினும் முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று நம் முன்னோர் வகுத்த இலக்கணத்துக்கு, பங்குனி மாதத்து விந்தியமலையைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. ஓடைகளில் மணல்தான் ஓடுகிறது. மரங்களின் நிழல் தரையில் கோடுகளாக விழுகிறதேயன்றிக் குளிர்ச்சியாக விழவில்லை. விடியற்காலையில் இலுப்பைப் பூப் பொறுக்க வந்த பெண்கள் கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போன பின்பு, பாறைகளின் மேல் உலவிய லங்கூர்க் குரங்குகளும் நானும், கைத்தடியுடன் நின்ற ஒரு காவலாளியுமே மிஞ்சினோம்.

அருகருகே ஏழு குன்றுகள். அவற்றில் 700-க்கும் மேற்பட்ட பாறை ஒதுக்குகள். பிரயாணிகளுக்கென்று கல்பாவி அமைத்த நடைபாதை அவற்றில் சுமார் 15-ஐ மட்டுமே தொட்டுச் செல்கிறது. மற்றவையெல்லாம் ராத்தாபானிக் காட்டுக்குள் புலிகளின் பொறுப்பில் இருக்கின்றன. நடைபாதையில் செல்வது சிரமமில்லாத காரியம்; அவசரப்படுகிறவர் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வண்டியேறிவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். என் அபிப்பிராயம், இந்தப் பாதையை ஒரு முறை போகிற போக்கிலும், மறுமுறை எதிர்த் திசையிலும் நடக்க வேண்டும் என்பது. சூரியன் நகர நகர, முதலில் வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் சிறிது நேரம் கழித்து ஒரு மானின் கொம்பு மெல்லப் புலப்படுகிறது.

இந்தப் பாறைகளில் எழுதப்பட்டிருக்கும் ஆதிகாலச் சித்திரங்களை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் உஜ்ஜயினியைச் சேர்ந்த விஷ்ணு ஸ்ரீதர் வாகன்கர். 1957-ஆம் ஆண்டில் அவர் போபாலை நோக்கி ரயிலில் பிரயாணம் செய்துகொண்டிருந்தபோது, ஜன்னல் வழியே தென்பட்ட இந்தப் பாறைகள், ஸ்பெயின், பிரான்சு தேசங்களில் தாம் கண்டிருந்த பாறைக் குகைகளை நினைவூட்ட, பிறகு ஆட்களுடன் வந்து ஏறிப் பார்த்தாராம். சென்னையிலிருந்து டில்லிக்குப் போகும் வண்டிகளும் இதே தண்டவாளத்தின் வழியாகத்தான் போகின்றன என்பதைத் தாங்கள் சிந்திக்க வேண்டும். இட்டார்சியில் வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதில் முனைந்து, நாமெல்லாம் எத்தனை முறை இந்தக் குன்றுகளை இடப்பக்கமும் வலப்பக்கமும் பாராமல் கடந்திருக்கிறோம்! வாகன்கருக்கு 1975-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குன்றுகளுக்கு 2003-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. அதற்குள் அவர் காலமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

சித்திரங்களுக்கு வருகிறேன். மிருகக்காட்சிப் பாறை என்று பெயர் சூட்டப்பட்ட ஒன்றின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். யானை, காட்டெருமை, கிளைத்த கொம்புடைய கலைமான், திமில் பருத்த எருது என்று 200-க்கும் மேற்பட்ட பிராணிகள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு வெள்ளை மானின் வயிற்றினூடே ஒரு சிவப்பு உருவத்தின் கால்கள் தெரிகின்றன. அந்தச் சிவப்பின்மேல் மறுபடியும் வெள்ளை. நமது சென்னை ஜி.எஸ்.டி. சாலைச் சுவர்களில் ஒரு கட்சியின் தேர்தல் சின்னத்தின் மேல் அடுத்த கட்சி தன் சின்னத்தை எழுதிவிட்டுப் போவது போலவே இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே யாரும் முந்தினவனுடையதைச் சுண்ணாம்படித்து அழிக்கவில்லை. சுற்றிலும் எழுதப்படாத பாறைகள் தாராளமாக இருக்கும்போது இதே பாறைக்கு ஏன் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்ற கேள்விக்கு, பழைய உருவங்களின் பக்கத்தில் தன் உருவமும் இருக்க வேண்டும் என்ற ஆசையே காரணம் என்பது என் ஊகம்.

செம்மை, இரும்பு கலந்த காவிக்கல்லை அரைத்து எடுத்தது. கூரைபோல் முன்னே நீண்ட பாறையின் உட்புறத்தில் மழை படாத இடம் பார்த்து எழுதியிருப்பதால், சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று மதிக்கப்படும் வேட்டைக் காட்சிகளும் இன்றுவரை நிலைத்து நிற்கின்றன. இன்னொரு பாறையில் வாளும் கேடயமும் தாங்கிய குதிரை வீரர்கள் அணிவகுத்துச் செல்கிறார்கள். இவர்கள் சரித்திர காலத்து மனிதர்கள், மற்றவர்களுக்குக் கொள்ளுப்பேரர்களின் கொள்ளுப்பேரர்கள். பாதையின் கோடியில் பன்றி முகமும் மாட்டுக் கொம்புமாக ஒரு ராட்சச மிருகம், தன் முன்காலளவுகூட இல்லாத ஒரு மனிதனைத் துரத்துகிறது. அப்படியொரு பிராணி எந்தக் காட்டிலும் இருந்ததில்லை. கண்டதை எழுதியவர்கள், காணாததையும் எழுதத் துணிந்திருக்கிறார்கள்.

இங்குள்ள மண்டபக் குகையைப் பற்றி ஒரு வேடிக்கை. அதன் மேல்தளத்தில் இலை நரம்பு போன்ற ஓர் அடையாளத்தைக் கண்ட புவியியலாளர் சிலர், அது 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய டிக்கின்சோனியா என்ற ஜீவனின் படிவம் என்று 2021-ல் எழுதி, உலகப் பத்திரிகைகளெல்லாம் அதைக் கொண்டாடின. பின்னால் வந்து பரிசோதித்த வேறு விஞ்ஞானிகள், அது மலைத்தேனீக்கள் கட்டிய அடை உதிர்ந்துபோனதன் மிச்சம் என்று 2023-ல் நிரூபித்தார்கள்; முதலில் எழுதியவரும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். தேனீக்கள் இப்போதும் அங்கே குடியிருக்கின்றன. அவற்றின் கீழே உரக்கப் பேசாமலிருப்பது உத்தமம்.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டே நடந்தபோது, நண்பரே, என் மனம் சென்னையை அடுத்த நம்முடைய பல்லாவரத்துக்குப் போய்விட்டது. இங்கே வாகன்கரும் பிறரும் தோண்டியபோது சித்திரங்களுக்கு வெகு காலத்துக்கு முந்திய கற்கோடரிகளும் கிடைத்தன. இந்திய தேசத்தில் அத்தகைய பழங்கற்காலக் கருவி இன்னதென்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது எங்கே? 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, பல்லாவரத்துப் பட்டாளக் கவாத்து மைதானத்தருகே, சரளைக்காக வெட்டிய ஒரு பள்ளத்தில். கண்டெடுத்தவர் புவியியல் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட். அதே ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயில் இருக்கிறது. அதில் அவன் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்று அது ஒரு தர்கா. குன்றுக்குப் பெயரோ பஞ்சபாண்டவ மலை! ஆக, பீமன் நம் பக்கமும் வந்து போயிருக்கிறான். அந்தக் குன்றின் கல்லுக்கும் ஒரு பெருமை உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் சமாதிக்கல் நம் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் கல் ஜாதி. அவர் பெயராலேயே அந்தப் பாறைக்குச் சார்னகைட் என்று நாமகரணம் செய்தார்கள்.

மின்சார ரயிலில் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் இடையே நித்தியம் போய்வருகிற லட்சக்கணக்கானவர்களில், ஜன்னல் வழியே அந்தக் குன்றுகளைப் பார்க்கிறவர் யார்? அவற்றில் ஒரு பகுதி ஜல்லியாக உடைபட்டுச் சாலைகளிலும் வீடுகளிலும் கலந்துவிட்டது. வெட்டிய குழிகளில் தண்ணீர் நிற்கிறது. எஞ்சிய குன்றுகளைச் சுற்றிப் பீம்பேட்காவில் உள்ளதுபோல் ஒரு சாதாரண நடைபாதையும், எண்ணிட்ட நாலு பலகைகளும், கைத்தடியுடன் ஒரு காவலாளியும் இருந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் குரோம்பேட்டைப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பெரிய திட்டமோ அடிக்கல் நாட்டு விழாவோ தேவையில்லை. விழா நடத்தினால் பாதை வராது என்ற பயமும் எனக்குண்டு.

தாங்கள் இங்கு வருவதானால் ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையில் வாருங்கள். காலையில் வாயில் திறந்தவுடன் நுழைந்துவிடுங்கள். தண்ணீரைக் கையோடு கொண்டுவருவது அவசியம். நேரமிருந்தால் நர்மதைக் கரையில் உள்ள ஆதம்கட் பாறைகளுக்கும் போய் வாருங்கள்; அங்கும் சித்திரங்கள் உண்டு. அதற்குச் சற்றுத் தொலைவில் ஹத்னோரா என்ற கிராமத்தில்தான் 1982-ல் ஆதிமனிதனின் மண்டையோடு ஒன்று கிடைத்தது. நான் நாளை சாஞ்சிக்குப் புறப்படுகிறேன்.

ஒரு வேண்டுகோள். ஃபூட் சேகரித்த கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் விலைக்கு வாங்கியது. எழும்பூர்ப் பக்கம் போகும்போது உள்ளே நுழைந்து, பல்லாவரத்துக் கல் எந்த அலமாரியில் இருக்கிறது, அதன்மேல் ஊர்ப் பெயர் தெரியும்படி சீட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்துப் பதில் எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
நண்பன்