ரவைக்குப் பெறாத பிராணி

தேவாங்கின் கையைக் கிட்டத்தில் பார்த்தால் பிறந்த குழந்தையின் கைதான். மெத்தென்ற உள்ளங்கை, பிடித்தால் விடாத குட்டி விரல்கள். மொகிலிக் கணவாய்க்குக் கீழே பெரியப்பாவின் வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு கிழட்டுப் புளியமரம் உண்டு. இரவுக் காவலுக்குப் போகும்போது டார்ச்சை மேலே அடித்தால் இரண்டு சிவப்புக் கண்கள் இமைக்காமல் நம்மையே பார்க்கும். வால் கிடையாது. எடை கால் கிலோ தேறினால் அதிகம். ஒரு கையை நகர்த்திவிட்டு, யோசித்து, அப்புறம்தான் அடுத்த காலை எடுக்கும். தன் மூத்திரத்தையே கைகால்களில் தேய்த்துக்கொள்ளும். நான் முகம் சுளிப்பேன், பெரியப்பா சிரிப்பார்.

“இதைச் சுட மாட்டீங்களா பெரியப்பா?”

“ஒரு ரவைக்குப் பெறுமாடா அது?”

சுடுவதற்கு அவரிடம் துப்பாக்கி இருந்தது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல். முதலில் கருமருந்து, மேலே தேங்காய் நார், கம்பியால் நாலு குத்து, பிறகு ரவை, மறுபடி நார், மறுபடி குத்து. கடைசியில் கேப்பு. இத்தனையும் முடிவதற்குள் பன்றி கடலையைத் தின்றுவிட்டு ஏப்பமும் விட்டிருக்கும். பயிர்க் காவலுக்கென்றே இப்படிப்பட்ட துப்பாக்கிக்கு உரிமம் தர 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கு முன்னால் இருந்தது 1878ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரனுக்கு விலக்கு, நமக்கு உரிமம். பெரியப்பாவுக்கு உரிமப் புத்தகத்தின் மேல் இருந்த மரியாதை துப்பாக்கியின் மேல் இருந்ததா என்று சந்தேகம்தான். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். ரசீதை மட்டும் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். தேர்தல் மாதத்தில் பன்றிகளுக்குக் கொண்டாட்டம்.

அவருடைய காலத்துக்கு முன்னால் கண்ணில் பட்டதைச் சுடுவதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது. முயல், கௌதாரி, காடை, சருகுமான், எல்லாமே சட்டிக்கு வந்தவைதான். சித்தூர்ச் சந்தைக்கு நரிக்குறவர்கள் வருவார்கள். தெலுங்கில் நக்கலவாள்ளு. கூண்டில் பழக்கிய கௌதாரி ஒன்று இருக்கும். அது கூப்பிட்டால் காட்டுக் கௌதாரி சண்டைக்கு வந்து கண்ணியில் மாட்டும். “சாமி, ஜோடி எடுத்துக்கோ சாமி” என்று திண்ணையோரம் நிற்பார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் உரிமம் வாங்கிக்கொண்டு வேட்டையாடச் சில வழிகள் மிச்சமிருந்தன. 1991 திருத்தம் அதையும் அடைத்தது. அமெரிக்காவில் வாத்துச் சுடப் போகிறவன் 1934 முதல் ஒரு முத்திரை வில்லை வாங்கியாக வேண்டும். அந்தப் பணத்தில்தான் சதுப்பு நிலங்களை வாங்கிக் காக்கிறார்கள். வேட்டைக்காரனே காவல்காரனுக்குச் சம்பளம் கொடுக்கிற ஏற்பாடு. நாம் அந்தக் கணக்கே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டோம். சாத்தியது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வலியெல்லாம் சந்தையில் கௌதாரி விற்றவனுக்குத்தான். பங்களாச் சுவரில் புலித்தலை மாட்டியிருந்தவனுக்கு ஒன்றும் நேரவில்லை.

புலி என்றதும் மாமண்டூர் ஞாபகம் வருகிறது. ரேணிகுண்டாவிலிருந்து கடப்பைக்குப் போகிற ரயில் பாதையில், காட்டுக்குள் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே திரிந்த ஆட்கொல்லிப் புலியைப் பற்றிக் கென்னத் ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். பெங்களூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கியோடு வந்து நம் ஊர்ப் புலியைத் தீர்த்த கதையைப் பள்ளிக்கூட வயதில் வாய்பிளந்து கேட்டிருக்கிறேன். இப்போது அந்த வழியே போனால் ஜன்னலில் புலியைத் தேடுவதில்லை. செம்மரத்தைத்தான் தேடுகிறது கண்.

இதே பக்கத்தில்தான் காளஹஸ்தி. சிலந்தியும் பாம்பும் யானையும் பூசை செய்த தலம். அங்கே நாயன்மாராக நிற்பவர் ஒரு வேடர். திண்ணன் பன்றியைக் கொன்று, வாட்டி, வாயிலிட்டுப் பதம் பார்த்து, நல்ல துண்டாகப் பொறுக்கிச் சிவனுக்குப் படைத்தார், அவரும் ஏற்றுக்கொண்டார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருமலை. கறி வாசனையே ஆகாத மலை. ஒரு மலைத்தொடருக்கு இரண்டு மனசு. இன்றைய சட்டப்படி திண்ணன் வழக்கை எதிர்கொள்ள வேண்டியிருக்கும், சாட்சி அந்தக் கோயில் பூசகர் சிவகோசரியார்.

பெரியப்பா காலமான பிறகு உரிமத்தை யாரும் புதுப்பிக்கவில்லை. பன்றிகள் மட்டும் தலைமுறை தவறாமல் வந்தன. அப்புறம்தான் கொல்லைகளில் அவுட்டுக்காய் புழக்கத்துக்கு வந்தது. பழத்துக்குள் வெடிமருந்து, கடித்தால் தாடை போகும். கரும்புத் தோட்டத்தைச் சுற்றிக் கரண்ட் கம்பி. இலங்கையில் இதே வேலைக்குக் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள், கயிற்றைத் தட்டியதும் வெடிக்கும். பெரியப்பாவின் ஓட்டைத் துப்பாக்கியை நான் வியந்து பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அதைப் பிடித்தவன் முதலில் எதிரே நிற்பது என்ன என்று பார்க்க வேண்டியிருந்தது. கம்பி பார்ப்பதில்லை. 1980களில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து பலமநேர், குப்பம் காடுகளுக்கு யானைகள் வந்து சேர்ந்தன. அவற்றுக்காகவே 1990இல் கௌண்டின்ய சரணாலயம் அமைத்தார்கள். பன்றிக்கென்று போட்ட கம்பியில் அந்த யானைகளும் செத்திருக்கின்றன, கம்பி போட்ட விவசாயிகளும் செத்திருக்கிறார்கள்.

துப்பாக்கி ஒழிந்துவிடவில்லை, காட்டுக்குள் போய்விட்டது. 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லாரும் தமிழ்நாட்டு ஆட்கள். கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள், ஜவ்வாது மலைப் பக்கத்து ஏழைகள் பலர். கோடாலியும் கல்லுமாகத் தாக்க வந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். மறுநாள் திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். போனில் அம்மாவோடு தமிழில் பேச வாய் வரவில்லை. எப்போதும் பேசுகிறவன், அன்று தெலுங்கில் “மல்ல சேஸ்தானு”, அப்புறம் கூப்பிடுகிறேன், என்று சொல்லி வைத்துவிட்டேன். உலகத்தில் இந்த மலைத்தொடரிலும் அக்கம்பக்கத்திலும் மட்டுமே தானாக வளர்கிற மரம் செம்மரம். மரத்தைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் மரம் வாங்கியவனின் பெயர் அந்த 20 பேரில் இல்லை.

தேவாங்குக்கு யாரும் குண்டு செலவழிக்கவில்லை என்றேன். அதனால் பிழைத்தது என்று அர்த்தமில்லை. மாந்திரீகத்துக்கென்று கண்ணைத் தோண்டுகிறவர்கள் இருந்தார்கள், கூடையில் வைத்து ஜோசியம் சொன்னவர்களும் இருந்தார்கள். இவர்களைவிடப் பெரிய எமன் சாலை. தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளையோடு கிளை கோத்திருந்தால்தான் நகர முடியும். பெங்களூர் ரோட்டை அகலப்படுத்த ஓரத்துப் புளியமரங்களைச் சாய்த்தபோது அதன் தெருவையே எடுத்துவிட்டோம். தமிழ்நாடு 2022இல் கடவூரில் அதற்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்தது, 11,806 ஹெக்டேர். பெரியப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறுகிற அலிபிரி நடைபாதையில் சிறுத்தை ஒன்று ஆறு வயதுச் சிறுமியைக் கொன்றது. ஆண்டர்சன் காலமாக இருந்தால் மறுவாரம் சிறுத்தைத் தோலோடு ஒரு போட்டோ வந்திருக்கும். இப்போது கூண்டு வைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தார்கள். பிற்பகலுக்கு மேல் சிறுபிள்ளைகளை நடையேற விடவில்லை. ஏறுகிறவர்களுக்குத் தேவஸ்தானம் ஆளுக்கொரு குச்சி கொடுத்தது. ஊரே சிரித்தது. துப்பாக்கிக்கும் குச்சிக்கும் நடுவில் இந்த நாட்டுக்கு வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று நானும்தான் கேட்டேன். பெண்ணைப் பறிகொடுத்த வீட்டுக்கு இந்தக் கூண்டும் குச்சியும் என்ன பதில் என்று இன்றும் எனக்குத் தெரியாது. சுட்டிருந்தால் மட்டும் பதில் ஆகியிருக்குமா?

அந்த வருஷம் அக்காவோடு ஏறினேன். பின்னால் வந்த ஒருவர் மூச்சிரைக்க, “எல்லாத்தையும் சுட்டுத் தள்ளணும் சார்” என்றார். அக்கா திரும்பி, “மலை அதுங்களுதுப்பா, நாமதான் வழி கேட்டு வர்றோம்” என்றாள். அந்த ஆள் கேட்டதாகத் தெரியவில்லை. அக்கா குச்சியை ஊன்றியே ஏறினாள். மேலே போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றதும் கொடுக்க மனசே வரவில்லை. சிறுத்தைக்காக இல்லை, முட்டிவலிக்கு அது அவ்வளவு வாகாக இருந்ததாம்.