மலையில் இரண்டு கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் குரங்கு ஆய்வு நடக்கும் சங்காபெர் முகாம் மெல்லக் காலியாகும். அமெரிக்காவிலிருந்து வந்த மாணவர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்புவார்கள். அந்த நாட்களில் வேலையைப் பார்த்துக்கொள்ள யார் வருகிறீர்கள் என்று கேட்டால் நான் தயங்குவதில்லை. 2018 டிசம்பரிலும் அப்படித்தான் அந்த முகாம் இருக்கும் எத்தியோப்பியாவின் சிமியன் மலைக்குத் திரும்பினேன். கோண்டார் வரை விமானம், அங்கிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில் டெபார்க், பிறகு மண்சாலை. எத்தியோப்பிய நாட்காட்டியில் அது 2011ஆம் ஆண்டு.

டெபார்க்கில் சாப்பிட உட்கார்ந்தால் இன்ஜெராவும் ஷிரோவும்தான். ஷிரோ என்பது கடலைமாவில் செய்த காரக் குழம்பு. நவம்பர் 25 தொடங்கி ஜனவரி 6 வரை 43 நாட்கள் அங்கே கிறிஸ்தவர்களுக்கு நோன்பு. இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பாலும் வெண்ணெயும்கூடக் கிடையாது. அவர்களுடைய கிறிஸ்துமஸான கென்னா ஜனவரி 7-இல் வருகிறது. மார்கழி முழுக்க அசைவம் சமைக்காத வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தத் தட்டின் முன் எனக்கு அந்நிய உணர்வே தோன்றியதில்லை.

மலைக்கு என்னை இழுப்பவை கெலாடா குரங்குகள். உலகில் எத்தியோப்பிய மேட்டுநிலங்களில் மட்டுமே வாழ்பவை. புல் மேய்ந்தே பிழைப்பவை. இரவில் செங்குத்துப் பாறைகளின் விளிம்புகளில் தூங்கிவிட்டு, வெயில் ஏறியதும் மேலே வரும். சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் விறைத்த விரல்களோடு அதற்காகக் காத்திருப்போம். வந்ததும் உட்கார்ந்தபடியே மேயத் தொடங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் புல்லைத் தாள் தாளாகக் கிள்ளும். இரு கைகளும் மாறி மாறிக் கிள்ளி, உள்ளங்கை நிறைந்த பிறகுதான் வாய்க்குப் போகும். நூற்றுக்கணக்கில் சேர்ந்து மேயும்போது புல் அறுபடும் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஜனவரியில் புல் காய்ந்துவிடுவதால் மண்ணைத் தோண்டிக் கிழங்கையும் வேரையும் எடுத்துத் தின்னும்.

ஒவ்வொரு ஆண் தலைவனுக்கும் சில பெண்கள், அவற்றின் குட்டிகள் என ஒரு குடும்பம். வெளியிலிருந்து வரும் இளம் ஆண், தலைவனை விரட்டிவிட்டு இடத்தைப் பிடித்தால் எல்லாம் தலைகீழாகும். பால்குடிக் குட்டிகள் பல கொல்லப்படும். சினையாக இருக்கும் பெண்களிலும் பெரும்பாலானவை சில வாரங்களில் கருவை இழந்துவிடும். ஏறக்குறைய 80 சதவீதக் கருக்கள் இப்படி அழிவதை இதே மலையில் கண்டறிந்து, 2012-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள் ஜெசிந்தா பீனர், தோர் பெர்க்மன் குழுவினர். சாணத்தில் உள்ள ஹார்மோன்களைப் பார்த்துக் கண்டுபிடித்தது அது. தலைவன் எந்த நாளில் மாறினான் என்று தெரியாவிட்டால் அந்த ஹார்மோன் கணக்குக்குப் பொருளே இல்லை. அதனால்தான் பண்டிகை என்று ஒரு வாரம் பதிவேட்டை மூடிவைக்க முடியாது. விட்ட வாரத்தைப் பிறகு எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

இந்தத் தொடர்ச்சி எங்களைப் போல வந்துபோகிறவர்களால் காப்பாற்றப்படுவதில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்த களப்பணியாளர்கள் காதுக் கிழிசலையும் நடையையும் வைத்தே ஒவ்வொரு குரங்கையும் தூரத்திலேயே அடையாளம் சொல்வார்கள். கட்டுரைகளில் அவர்கள் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் பத்தியில் மட்டும் வருவது எனக்கு ஒப்புவதே இல்லை.

கென்னாவுக்குக் களப்பணியாளர்கள் ஊருக்குப் போனார்கள். என்னோடு வந்தவர் துப்பாக்கி ஏந்திய ஒரு காவலர். நாங்கள் காஷே என்று அழைக்கும் பெரியவர், முஸ்லிம்.

“அவங்களுக்கு இன்னைக்குப் பண்டிகை. எங்க பெருநாளுக்கு அவங்க வந்து நிப்பாங்க. வாம்மா, போவோம்” என்றார்.

காஷே இந்த மலைப் பூங்காவுக்குள் இருந்த கீச் கிராமத்தைச் சேர்ந்தவர். அழியும் ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் 1996 முதல் இருந்த சிமியன் பூங்கா, 2017-இல் அதிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு கீச்சிலிருந்த 400-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் டெபார்க்குக்கு இடம்பெயர்க்கப்பட்டன. மந்தைகள் போனபின் அங்கே புல் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. அந்தக் குடும்பங்கள் இழந்ததைச் சொல்லாமல் அந்தப் புல்வெளியைப் புகழ எனக்கு மனம் வருவதில்லை. காஷே அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. தன் வீடு இருந்த திசையைக் கையால் காட்டினார், அவ்வளவுதான்.

மறுநாள் மாலையே களப்பணியாளர் ஒருவர் திரும்பிவிட்டார். விரத முடிவுக் கோழிக்குழம்பை வீட்டில் முடித்துக்கொண்டு, எங்களுக்கென்று பெரிய ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அடுத்த வாரம் பொங்கலன்று எனக்கு விடுப்பு என்று அவர்களே முடிவு செய்திருந்ததையும் சொன்னார். உட்காரும் முன்பே கேட்டார்: “எல்லாரும் இருக்காங்களா?”

ஒரு குடும்பத்தை இரண்டு நாளாகக் காணவில்லை என்றேன். தலைவனுக்கு வயதாகிவிட்ட குடும்பம் அது. டிசம்பர் கடைசியிலிருந்தே இளம் ஆண்கள் அதைச் சுற்றிக்கொண்டிருந்தன. அதில் இரண்டு பெண்கள் சினை.

பதிவேட்டை வாங்கி, கடைசியாக அவற்றைப் பார்த்த இடத்தையும் நேரத்தையும் படித்தார். மேற்குப் பாறைப் பக்கம் தேடலாம், ஆனால் வெயில் ஏறுவதற்குள் அங்கே நிற்க வேண்டும் என்றார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதென்று முடிவு செய்து, ரொட்டியைப் பிய்த்தோம்.