இது யாருக்கு?

இலக்கியம் பேசும் நண்பர்களிடையே வெட் கிரைண்டரைப் பற்றிப் பேசத் துணிகிறோம், பொறுத்துக்கொள்ள வேண்டும். கற்பனை வளம் எழுத்தாளர்களுக்கு மட்டுமே வாய்த்ததன்று. தொழில் நடத்துகிறவர்களிலும் அது நிரம்பி வழிகிறவர்கள் உண்டு. அத்தகைய ஒருவரிடம் 2000-களின் நடுப்பகுதியில் நாங்கள் எட்டுப் பேர் வேலை பார்த்தோம். கோவைப் புறநகரில் ஒரு சிறிய தொழிற்கூடம் அது.

முதலாளி இரவில் உறங்குவாரோ மாட்டாரோ, காலையில் வரும்போது ஒரு புதிய யோசனையோடுதான் வருவார். திங்கட்கிழமை தேங்காய் துருவும் இணைப்பு. புதன்கிழமை, இருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு ஒரு லிட்டர் கிரைண்டர். வெள்ளிக்கிழமை, விடுதிகளுக்கான பெரிய இயந்திரம். அவர் விவரிக்கும்போதே அது கண்முன் சுழலத் தொடங்கிவிடும். நாங்கள் மயங்கித் தலையாட்டுவோம். அவற்றில் ஒன்றாவது மோசமான யோசனையாக இருந்திருந்தால் மறுத்துப் பேசியிருப்போம். அப்படி எதுவும் அமையவில்லை.

ஓராண்டில் மூன்று டை வெட்டினோம். மூன்றும் பாதியில் நின்றன. லேத்தில் வேலை செய்த இளைஞன் ஒருநாள் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பினான். சம்பளத்தைப் பற்றி அவன் குறை சொல்லவில்லை. “நான் செஞ்ச சாமான் ஒண்ணுகூட கடைக்குப் போகலீங்ணா” என்று மட்டும் சொன்னான். அந்த வாக்கியம் எங்களை வெகுநாள் உறுத்தியது.

அந்த வாரம் எங்கள் ஃபோர்மேன் ஒரு காரியம் செய்தார். ஆளுக்கொரு தாள் கொடுத்து, வரும் பொங்கலுக்கு நம் தொழிற்கூடத்திலிருந்து என்ன வெளியே போகும் என்று எழுதச் சொன்னார். எட்டுத் தாள்களில் ஐந்து வெவ்வேறு விடைகள் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனோம். அவர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, வியப்போடு, “எல்லாம் நான் சொன்னதுதானுங்களே?” என்றார்.

உண்மைதான். அவை அனைத்தும் அவர் சொன்னவையே. அவருக்கு அவை ஒரே கனவின் பல பக்கங்கள். எங்களுக்கோ, எதை முதலில் செய்வது, எதைக் கைவிடுவது என்று தெரியாத தனித்தனி வேலைகள். அந்த வேறுபாட்டை அதுவரை அவரிடம் யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

ஃபோர்மேன் மெல்லக் கேட்டார்: “அதெல்லாம் சரிங்க முதலாளி. இது ஆருக்குங்க?”

நீண்ட மௌனத்துக்குப் பிறகு முதலாளி தம் தாயாரைப் பற்றிப் பேசினார். தோள்வலி வந்தபின் அந்த அம்மாள் கிரைண்டரையே தொடுவதில்லையாம். மாவைக் கடையில் வாங்குகிறாராம். சாயும் கிரைண்டர்கள் அப்போதே சந்தையில் இருந்தன. ஆனால் எங்கள் மாதிரியில் பூட்டைத் தளர்த்தவே நல்ல வலு வேண்டியிருந்தது. அன்று மாலை பட்டறைச் சுவரில் ஒரே ஒரு வரியை எழுதி வைத்தோம்: தோள்வலி உள்ள பெண்மணி, கல்லைத் தூக்காமல், ஒரு கையால் சாய்த்து மாவை வழிக்க வேண்டும். எப்படி என்பதை அவர் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. அது எங்கள் வேலை.

முதலாளியின் அறையில் சோய்ச்சிரோ ஹோண்டாவின் படம் மாட்டியிருந்தது. தரையிலேயே சாக்பீஸால் வரைந்து விளக்கும் பழக்கம் கொண்ட மேதை அவர். ஆனால் 1949-இல் அவரோடு சேர்ந்து விற்பனையையும் நிதியையும் தோளில் சுமந்த தாக்கியோ ஃபுஜிசாவாவின் படம் அங்கே இல்லை. அவரைப் பற்றிப் பின்னாளில்தான் படித்தோம். சோபா நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்தபடியே மறு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பது ஃபுஜிசாவாவின் எதிர்பார்ப்பு. ஹோண்டாவின் பொறியாளர்கள் தானாக இயங்கும் கிளட்ச் ஒன்றை உருவாக்கினார்கள்; இடது கைக்கான கிளட்ச் நெம்புகோலே தேவையற்றுப் போயிற்று. 1958-இல் வெளிவந்த அந்த சூப்பர் கப் வண்டியின் உற்பத்தி 2017-இல் பத்துக் கோடியைத் தாண்டியது. அவ்விருவரும் 1973-இல் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள். ஹோண்டாவின் கற்பனையை ஃபுஜிசாவா குறைக்கவில்லை. அது யாருக்காக என்பதைக் கண்முன் நிறுத்தினார். எங்கள் ஃபோர்மேன் செய்ததும் அதுவே என்று தோன்றியது.

யோசனைகள் அதன்பின் நின்றுவிடவில்லை, நிற்கவும் கூடாது. ஒரு நீள நோட்டுப் புத்தகம் வாங்கினோம். புதிய யோசனை எதுவானாலும் அதில் ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடி அதைத் திறப்போம். இடையில் ஒன்றைப் பட்டறைக்குள் கொண்டுவர வேண்டுமென்றால், அதற்காக எதை நிறுத்துகிறோம் என்பதை முதலாளியே சொல்ல வேண்டும். எங்களுக்கும் ஒரு விதி இருந்தது. அவர் சொன்னதை எப்படிப் புரிந்துகொண்டோம் என்பதைத் திருப்பிச் சொல்லாமல் அறையை விட்டு வெளியேறக் கூடாது. முதல் சில வாரங்கள் அது இருதரப்புக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு இயந்திரம் வரவில்லை, சித்திரையில்தான் வந்தது. ஓரளவு விற்றது. இந்த ஒழுங்குக்கு நாங்கள் விலையும் கொடுத்தோம். நோட்டில் காத்திருந்த மாவு பிசையும் இணைப்பை வேறொருவர் எங்களுக்கு முன்னால் கடைக்குக் கொண்டுவந்தார். முதலாளி அந்தப் பக்கத்தைத் திறந்து சற்று நேரம் பார்த்துவிட்டு மூடினார். எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரால் அது முடிந்ததே பெரிது என்று இன்று நினைக்கிறோம்.

அதற்கு முந்தைய ஓராண்டு முழுவதும், ‘முதலாளிக்குத் தெளிவில்லை’ என்று தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அவர் எதிரில் தலையாட்டியவர்களும் நாங்களே. தெளிவைத் தலைவர் தர வேண்டும் என்பது சரி. கேட்காதவர்களிடம் அவர் எப்படித் தருவார்?

பிறகொரு நாள் அந்த லேத் இளைஞனைத் திருப்பூரில் பார்த்தோம். நடந்ததையெல்லாம் உற்சாகமாகச் சொன்னோம். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அத அன்னைக்கே கேட்டிருக்கலாமுங்களே” என்றான்.

எங்களிடம் விடை இல்லை.