எஞ்சினுக்கு நல்ல தண்ணி

பி.காம். படித்தவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிடாதீர்கள். ஸ்கூட்டர் பிளக்கைக்கூட மெக்கானிக்தான் கழற்ற வேண்டும். ஆனாலும் படகில் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுவேன். கற்றுக்கொடுத்தது ஒரு வாராக்கடன்.

2014ல் குஜராத்தில் வெராவலுக்கு மாற்றல். சோம்நாத் கோயிலுக்குப் பக்கத்து ஊர். காலையில் ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை. சைவக் குடும்பம், என் வீட்டம்மா முதல் மாதம் பட்ட பாட்டைத் தனிப் பதிவாக எழுதலாம். நான் கையெழுத்துப் போட்ட கடன்களில் ஒன்று, ஊருக்கு வெளியே கரையோரக் குடியிருப்பில் இருந்த ஒரு கார்வா மீனவருக்கு. ஃபைபர் ஹோடி ஒன்று, எஞ்சின் ஒன்று. பதினாலு மாதம் தவணை டாண் டாண் என்று வந்தது. 2016 ஜனவரியில் நின்றது.

90 நாள் தாண்டினால் கணக்கு கெட்டுவிடும். எழுபதாவது நாள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குடித்துத் தீர்த்திருப்பார் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதியாகிவிட்டது. (குஜராத்தில் மதுவிலக்கு என்பதெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை.)

போனால், எஞ்சின் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரால் உள்ளே சுரண்டிக் காட்டினான். வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. உப்பு.

விஷயம் இதுதான். இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. அடியில் காற்றாடிக்குப் பக்கத்தில் உள்ள துவாரம் வழியாகக் கடல் தண்ணீரை இழுத்து, ஒரு சின்ன ரப்பர் பம்ப் மேலே தள்ளும். அது சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். கரைக்கு வந்து எஞ்சினை அணைத்ததும் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் காய்ந்து உப்பு படியும். நாள்படப் பாதை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். ஒருநாள் நடுக்கடலில் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இவருக்கும் அப்படித்தான். இன்னொரு ஹோடி கட்டி இழுத்து வந்திருக்கிறது.

"தினமும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவ வேண்டாமா பாய்?" மெக்கானிக்கிடம் ஐந்து நிமிடம் முன்பு கற்ற பாடத்தை அவரிடம் ஒப்பித்தேன். அவர் பேசவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்: "சாஹேப், டேங்கர் நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது. பிள்ளைகளுக்கு வைத்த தண்ணீரை இதற்கு ஊற்றவா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் முதுகுளத்தூர்ப் பக்கம். அம்மா இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று நடந்த ஊர். அரிசி கழுவின தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிய வீட்டில் வளர்ந்தவன், கடன் கொடுக்கும்போது எல்லாக் காகிதமும் வாங்கினேன், ஜாமீன்தாரர் வீட்டைக்கூடப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் எங்கே என்று கேட்கவில்லை. குஜராத்தியில் உப்புக்கும் 'மீட்டு'தான் பெயர், நல்ல தண்ணீருக்கும் 'மீட்டு பாணி'தான். அன்றைக்கு அந்தச் சொல் என்னைக் கேலி செய்வது போலிருந்தது.

வழி சொன்னது மெக்கானிக். ஹோஸ் வைத்துக் கழுவினால் தண்ணீர் ஓடிப் போய்விடும். 200 லிட்டர் டிரம்மில் எஞ்சினின் அடிப்பாகத்தை, துவாரம் நன்றாக மூழ்கும்படி இறக்கி, காற்றாடியைக் கழற்றி, நியூட்ரலில் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். தண்ணீர் இல்லாமல் மட்டும் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ரப்பர் பம்ப் உடனே வெந்துவிடும்.

நான் கணக்குப் போட்டேன், அதுதானே தெரியும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் உப்பு சுமார் 35 கிராம். எஞ்சினுக்குள் ஒரு லிட்டர் தங்கியிருந்தால்கூட 200 லிட்டரில் கரையும்போது லிட்டருக்கு 0.2 கிராம்கூட வராது. பத்து முறை கழுவினாலும் இரண்டு கிராமுக்குள். கடலோடு ஒப்பிட்டால் அது நல்ல தண்ணீர்தான். ஆக, நாலு ஹோடிக்காரர்கள் சேர்ந்தால் ஒரு டிரம் இரண்டு நாள் தாங்கும். எண்ணெய் மிதந்தால் மாற்றிவிட வேண்டும். தேய்மானமும் துருவும் இன்சூரன்ஸில் வராது என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

ரிப்பேருக்கு நான் வருவதற்கு முன்பே மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டார்கள். அதாவது இனிமேல் பிடிக்கிற மீன் அவர் சொல்கிற விலைக்கு. பத்து நாள் முன்னால் போயிருந்தால் வங்கியிலேயே ஏதாவது செய்திருக்கலாம். அந்தப் பத்து நாளும் அவர் குடிகாரர் என்று நினைத்துக்கொண்டு ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தேன்.

தவணையை மாற்றியமைத்துக் கொடுத்தோம். மாற்றல் வந்து கிளம்புமுன் ஒரு சாயங்காலம் போனேன். எஞ்சின் டிரம்மில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டுத் துவாரத்திலிருந்து தண்ணீர் மெல்லிய நூலாகப் பீய்ச்சியது. அது வந்தால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசிப் பையன் அதில் கையை நீட்டி, சூடாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். கொஞ்சம்தான் குடித்தேன். மீதியைக் கொட்டாமல் திருப்பிக் கொடுத்தேன்.