அழிச்ச லிஸ்ட்டைத் திரும்ப எடுக்குறதுக்கு முன்னால…



தைப்பூசம் நெருங்கினாலே கோயில் அலுவலகத்துல இந்தக் கேள்வி வந்துடும்: "அண்ணே, போன வருஷப் பால்குட லிஸ்ட்டை யாரோ அழிச்சிட்டாங்க. எடுத்துத் தர முடியுமா?"

பல நேரம் முடியும். ஆனா அவசரப்பட்டு எடுக்கக்கூடாது.

எல்லாரும் சேர்ந்து பயன்படுத்துற ஃபோல்டர்ல அழிச்சது, நம்ம கணினியின் குப்பைத்தொட்டிக்குப் பொதுவா வராது. சர்வர்ல தனிக் குப்பைத்தொட்டியோ பழைய நகலோ இருந்தாத்தான் கிடைக்கும். சில சர்வர்கள்ல அந்தத் தொட்டியை நிர்வாகி மட்டும் பார்க்குற மாதிரி பூட்டலைன்னா, ஃபோல்டருக்குள்ள வர்ற எல்லாரும் அதைக் கிளறலாம்.

மீட்ட கோப்பை வேற ஃபோல்டர்ல காப்பி பண்ணினா, பழைய பூட்டு கூடவே வராது. பொருளாளர் மட்டும் பார்த்த உபயப் பட்டியலை அன்னதானக் குழு ஃபோல்டர்ல போட்டா, அந்தக் குழுவே பார்க்கலாம். யார் எவ்வளவு கொடுத்தாங்க, எந்த வீட்டுல யாருக்கு நோய்னு பிரார்த்தனை, எல்லாம் அதுல இருக்கும். முருகன் காதுல மட்டும் போட்ட விஷயங்கள் அவை.

சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் கட்டாயம் இருந்தாலோ தவிர, அடையாள அட்டை எண்ணை அமைப்புகள் வாங்கக்கூடாது. அதுக்காகப் பட்டியல்ல இருந்து ஐசி எண்களை நீக்கியிருப்போம். அதுக்கு முந்தைய நகலை மீட்டா, அத்தனை எண்ணும் திரும்ப வந்துடும். தேவை முடிஞ்ச விவரங்களை வைத்திருக்கக்கூடாதுன்னும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது.

இணையத்துல கிடைக்கிற இலவச மீட்பு மென்பொருளை இறக்காதீங்க. நெட்வொர்க் வழியா சர்வர் டிஸ்க்கை அதுகளால பெரும்பாலும் படிக்கவே முடியாது. போலி மென்பொருளா இருந்தா வைரஸ்தான் மிச்சம்.

தொண்டூழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிர்வாகியிடம் சொல்லி எடுங்க. யார் கேட்டது, எதுக்குன்னு எழுதி வைங்க. மீட்டதை முதல்ல பூட்டிய ஃபோல்டர்ல வைங்க. தேவையான பெயர்களை மட்டும் எடுத்துக்கிட்டு, மீதியைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்குங்க.

பக்தர்களே, பதிவுப் படிவத்துல ஐசி எண் கேட்டா, "எதுக்குங்க?"ன்னு தயங்காம கேளுங்க. பதில் சொல்றது எங்க கடமை. நீங்க நம்பிக் கொடுக்குற விவரமும் உண்டியல் காணிக்கை மாதிரிதான். கணக்கோட காக்கணும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚