முனகிய சக்கரம்

சக்கரம் இல்லையேல் நாகரிகம் இல்லை என்று பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். ஆனால் சுழலும் சக்கரத்துக்கு நடுவே, சுழலாமல் நின்று பாரம் தாங்கும் ஒன்று இருக்கிறது. அது நலமாக உள்ளவரை அதை எவரும் நினைப்பதில்லை. நம் முன்னோர் நினைத்தார்கள். உப்பு வணிகரான உமணர், வழியில் அச்சு முறிந்தால் உதவட்டும் என்று வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிக்கொண்டு சென்றதைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஒளவையார் குறிப்பிடுகிறார். பொகுட்டெழினி அத்தகைய துணைவன் என்பது அவர் கருத்து. உப்புக்கும் அச்சுக்கும் உள்ள வழக்கு அத்தனை பழையது! அந்த வழக்கு இன்றும் தீரவில்லை என்பதை எங்கள் ஊரில் நேரில் கண்டேன்.

எங்கள் ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் பாறைக்குன்றோடு நிற்கும் ஊர். 1760இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுக்காரரிடமிருந்து இங்கிருந்த கோட்டையைக் கைப்பற்றினார் என்பது வரலாறு. கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். என் தாய்மாமன் தம் பழைய மகேந்திரா ஜீப்பில், உப்பள வேலைக்குப் போகும் பெண்களை விடியுமுன் ஏற்றிச் சென்று பாத்திக்கரை வரை கொண்டுபோய் விடுவார். மழை விட்ட பின்னும் அந்த வழியில் ஆங்காங்கே உப்புநீர் தேங்கி நிற்கும். மற்ற வண்டிகள் தயங்கும் சேற்றில், நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் இறங்கி ஏறிவிடும்.

சென்ற மாசி மாதம் அந்த ஜீப் முனகத் தொடங்கியது. வேகம் கூடக் கூட முனகலும் கூடிற்று. நகரத்துப் பட்டறை ஒன்றில், டயர் தேய்ந்ததால் வரும் சத்தம் என்று கூறி முன்பக்கம் இரண்டு புது டயர் மாட்டி அனுப்பினார்கள். பணம் போயிற்று, சத்தம் போகவில்லை.

பிறகுதான் எங்கள் பக்கத்து மெக்கானிக் பாய் வந்தார். அன்று எனக்குக் கல்லூரி விடுமுறை. இயற்பியல் மாணவன் என்ற உரிமையில் நானும் உடன் ஏறிக்கொண்டேன். பாய் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. தார்ச்சாலையில் சற்றுத் தூரம், மண் பாதையில் சற்றுத் தூரம் ஓட்டச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டயரு சத்தம்னா மண்ணுல இறங்கினதும் மாறும் அண்ணே. இது மாறலையே” என்றார்.

பிறகு வண்டியை இடமும் வலமும் திருப்பச் சொன்னார். இடப்பக்கம் திரும்பியபோது முனகல் உரத்தது. வலப்பக்கம் திரும்பியபோது அடங்கியது. இடப்புறம் திரும்பும் வண்டியின் பாரம் வலச் சக்கரத்தின்மேல் சாயும் என்பது வகுப்பில் படித்த பாடந்தான். அதை ஒருவர் காதால் படிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முன்பக்க வலச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலொரு கையும் கீழொரு கையுமாகப் பிடித்து ஆட்டினார். சக்கரம் கடகடவென்று ஆடியது. “தம்பி, பிரேக்கை மிதி” என்றார். மிதித்தேன், ஆட்டம் நின்றது. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தோடு சுழலும் டிரம், அச்சோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. அப்போது ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். இவ்வளவு எளிய சோதனையை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

“நாளைக்கு ஒரு நடை மட்டும் ஓட்டிட்டு, அப்புறம் பார்க்கலாமா பாய்?” என்று கேட்டார் மாமா. இரண்டு டயர் வாங்கிய கடன் அவர் முகத்தில் தெரிந்தது.

“பின்னாடி எத்தனை பேர் உட்காருவாங்க?”

“பதினோரு பேர்.”

“பேரிங் இறுகிச்சுன்னா சக்கரமே கழண்டுபோகும் அண்ணே. அப்புறம் உங்க இஷ்டம்.”

மாமா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, நாளைக்கு வண்டி வராது என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு ஒருநாள் வாடகை. அவர்களில் பலருக்கு ஒருநாள் கூலி. இரண்டும் சிறிய தொகைகள் அல்ல.

மறுநாள் ஹப்பைக் கழற்றினோம். உள்ளே இருந்த கிரீஸ் பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தது. தண்ணீர் புகுந்ததற்கு அதுவே சாட்சி. மண்ணெண்ணெயில் கழுவியபின் பார்த்தால், பேரிங் உருளைகளில் துருவும் அம்மைத் தழும்பு போன்ற குழிகளும் இருந்தன. இந்தக் கூம்புருளைப் பேரிங்குக்கு 1898இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஹென்றி டிம்கன். குதிரை வண்டி செய்தவர். மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் அது ஒருங்கே தாங்கும். ஆனால் உப்புநீரைத் தாங்காது.

நீர் எப்படிப் புகுந்தது? ஓடி வந்த சூட்டோடு ஹப் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. தேய்ந்த ஆயில் சீலின் இடுக்கு வழியாக நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால், புதியதும் வெகுநாள் நிலைக்காது.

ஆகவே உள், வெளிப் பேரிங்குகள் இரண்டையும் மாற்றினோம். பழைய கப்பில் புதிய கோனைப் போடலாகாது என்று கப்புகளையும் தட்டி எடுத்துவிட்டுப் புதியவற்றை இறக்கினார் பாய். கிரீஸ் அடைக்கும் வேலை என்னுடையது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, உருளைகளின் இடுக்கில் மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்தவேண்டும். புதுச் சீலும் பொருத்தியாயிற்று. கடைசியாக, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சக்கரம் பிடிக்கத் தொடங்கியதும் ஆறில் ஒரு சுற்று தளர்த்திப் பூட்டினார். இறுகினால் சூடேறும், தளர்ந்தால் ஆடும்.

அதற்கடுத்த விடியலில் வண்டியில் ஏறிய அக்கா ஒருவர், “இன்னா அண்ணே, சத்தமே காணோம்? வண்டி தூங்குதா?” என்று கேட்டார். மாமா பல நாளுக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தார். இப்போது உப்புநீர் வழிக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஹப்பைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகே இறக்குகிறார்.

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அது தணியும் வழியையும் அறிந்து செய்க என்று மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த நெறி பட்டறைக்கும் பொருந்தும். டயரை மாற்றியவர்கள் சத்தத்துக்கு மருந்து செய்தார்கள். பாய் சத்தத்திலிருந்து பேரிங்குக்கும், பேரிங்கிலிருந்து சீலுக்கும், சீலிலிருந்து உப்புநீருக்கும் பின்னோக்கி நடந்தார். அறிவு என்பது அந்தப் பின்னோக்கிய நடைதான். நண்பர்களே, நம் வீட்டிலும் ஊரிலும் முனகல்கள் பல கேட்கின்றன. அவற்றை அடக்க விரைவதற்கு முன், சற்றே காது கொடுப்போம்.