அடம்பன் கொடி படர்ந்த பாதை

“சும்மா பார்க்கிறதுக்கு ஒரு பயணமோ?” என்று கேட்டார் எங்கள் சங்கத்து அக்கா ஒருவர். அவர் கேட்டதில் பிழையில்லை. ஆஸ்பத்திரிக்கும், கச்சேரிக்கும், காணாமற்போனவரைத் தேடி விசாரணைக்குமே எங்களில் பலர் பயணம் போயிருக்கிறோம். இடம்பெயர்ந்து நடந்ததும் பயணம்தான். விரும்பி நடந்த பாதை எங்களுக்கு மிகக் குறைவு.

ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் பன்னிரண்டு பேர் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, பருத்தித்துறையிலிருந்து மணற்காட்டுக்குப் புறப்பட்டோம். அந்த அக்காவும் வந்தார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வடமராட்சி கிழக்குக் கரையைக் கடல் கொண்டபோது மகளைப் பறிகொடுத்தவர் அவர். அதன் பிறகு கடற்கரைப் பக்கம் அவர் போனதில்லை.

பெயருக்கேற்ற இடம் மணற்காடு. வீட்டுக் கூரையிலும் உயர்ந்த மணற்குன்றுகள், மணலைக் கட்டுப்படுத்த நட்ட சவுக்கு மரங்கள், மணல் மூடிய பழைய அந்தோனியார் கோவிலின் இடிந்த சுவர்கள். சவுக்கு நிழலில் நடக்கும்போது கேட்பது காற்றின் இரைச்சலா, கடலின் இரைச்சலா என்று பிரித்தறிய முடியவில்லை.

குன்றின்மேல் அடம்பன் கொடி ஊதாப் பூக்களுடன் படர்ந்து கிடந்தது. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த மிடுக்கை இங்கேதான் கண்ணால் கண்டேன். காற்று கொண்டுவரும் மணலை இந்தக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைக்கின்றன. அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் குன்று வளர்கிறது. கொடியை அறுத்தால் மணல் மறுபடி பறந்துவிடும்.

குன்று வெறும் அழகுக்கு நிற்பதல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. மணலை வெட்டினால் அந்த நன்னீர் குறையும், கிணற்றில் உவர் ஏறும். பிறகு குடத்தோடு தூரம் நடப்பது யார்? நாங்கள்தான். உயர்ந்த மணல்மேடு கடல் பொங்கி வரும்போது அலையின் வேகத்தையும் தணிக்கும். வெட்டிய இடைவெளி இருந்தால் தண்ணீர் அதனூடாக ஊருக்குள் பாயும்.

நாங்கள் போன பாதையில் ஓரிடத்தில் உழவு இயந்திரத்தின் சில்லுத் தடங்களும், பக்கத்தில் ஆள் உயரக் கிடங்கும் இருந்தன. இரவில் யாரோ மணல் அள்ளியிருக்கிறார்கள். அதைச் சுற்றி இறங்கித்தான் கடலைப் பார்க்க முடிந்தது. மணல் அள்ள அனுமதிப் பத்திரம் வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டப்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். இதை அறிந்திருந்தால் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ தைரியமாக முறையிடலாம்.

மணலூடாகக் கடலுக்குப் போகும் வழி எங்கள் ஊர்களுக்குப் புதிதல்ல. வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குச் சனம் மணலில் நடந்துதான் போகிறது. கரைவலைக்காரர் தினமும் நடக்கிறார்கள். போர்க்காலத்தில் நாகர்கோவிற் பக்கம் முன்னரங்கு ஆனபோதுதான் அந்தப் பழக்கம் அறுந்தது. மண்டையோட்டுப் பலகையைக் கண்டு திரும்பி நடந்த கால்கள் இன்னும் பயப்படுகின்றன. மனிதர் நடவாத பாதையைக் களவாக மணல் ஏற்றுபவர் எடுத்துக்கொள்வர். நாங்கள் போய் வந்தால் பாதையும் இருக்கும், பார்க்கக் கண்ணும் இருக்கும்.

அக்கா தண்ணீருக்குக் கிட்டப் போகவில்லை. குன்றின்மேலேயே இருந்தார். அப்போது இராவணன் மீசையின் உருண்டைப் பூ ஒன்று காற்றில் உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. “இதைக் கலைச்சுக்கொண்டு ஓடுவாள் என்ரை பிள்ளை” என்றார். அழுதார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்தின் பின் அதைக் கையிலெடுத்து மறுபடி காற்றில் விட்டார். அது கரையோரமாக உருண்டு போவதைக் கண்ணுக்கு மறையும்வரை பார்த்திருந்தார்.

மத்தியானத்துக்கு முன்னரே திரும்ப வேண்டியதாயிற்று. காரணம் சின்னது போலத் தெரியும்: நாங்கள் நின்ற இடத்தில் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் இல்லை. ஆண்கள் பொழுதுபட இருக்கலாம். நாங்கள் இருக்க முடியாது. பெண்களுக்கும் பொதுவான கடற்கரையென்றால் இதுவும் வேண்டும். பிரதேச சபைக்கு மனு எழுத அன்றே தீர்மானித்தோம்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒரு குளக்கட்டோ, கரையோ, காட்டுவழியோ இருக்கும். தனியே அல்ல, கூட்டாகப் போங்கள். ஒரே தடத்தில் நடவுங்கள், கொடியை மிதிக்காதீர்கள். கொண்டுபோன பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மாரிக் கடல் பொல்லாதது, மீனவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

பஸ்ஸில் வரும்போது அக்கா கேட்டார்: “அடுத்த மாதமும் போறமோ?”

போகிறோம்.